சேந்தமங்கலத்துக் காடவர் குடும்பம்: உயர்வும் மறைவும்



நம் பகுதியில் திருமணச் சுவரொட்டி ஆனாலும், காதணி விழாப் பதாகை ஆனாலும், 'ஆண்ட பரம்பரை' என்ற சொல் இடம்பெறுவது வழக்கமாகிவிட்டது. எந்தச் சாதியாக இருந்தாலும், எந்தச் சமயமாக இருந்தாலும், நம் முன்னோர் அரசாண்டவர் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு மகிழ்ச்சி. அதில் தவறில்லை. ஆனால் நம் மண்ணை உண்மையிலேயே ஆண்ட ஒரு குடும்பத்தின் வாழ்க்கை எப்படி இருந்தது, அந்தக் குடும்பம் எதைக் கட்டியது, எதை அழித்தது, அதில் இன்று எது மீந்திருக்கிறது என்பதை நாம் அறிந்திருக்கிறோமா?

திட்டக்குடியில் இருந்து சிதம்பரம் வரை, விருத்தாசலத்தில் இருந்து கடலூர் வரை நாம் அன்றாடம் போய்வரும் ஊர்கள்தாம் அந்தக் குடும்பத்தின் களம். அவர்களே காடவர்கள். அவர்களுள் பெயர் பெற்றவர் கோப்பெருஞ்சிங்கன். கி.பி. 13ஆம் நூற்றாண்டில் சோழப் பேரரசரையே சிறைப்பிடித்துத் தம் கோட்டையில் அடைத்து வைத்தவர் என்று வரலாறு இவரைச் சொல்கிறது. அந்தக் குடும்பத்தின் கதையை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

சிற்றரசர் என்பவர் யார்?

பேரரசர் ஒருவர் தலைநகரில் இருப்பார். ஆனால் நூறு கல் தொலைவில் உள்ள ஊரைக் காப்பதும், வரி தண்டுவதும், போர் வந்தால் ஆள் திரட்டுவதும் அவரால் நேரடியாக ஆகக்கூடியவை அல்ல. அதற்காக அந்தந்தப் பகுதியில் செல்வாக்குள்ள குடும்பங்களிடம் அந்தப் பொறுப்புகள் ஒப்படைக்கப்பட்டன. பேரரசர் வலிமையோடு இருக்கும் வரை இவர்கள் பணிந்து நடப்பார்கள். அவர் தளர்ந்தால் இவர்கள் தலைதூக்குவார்கள். இடைக்கால ஐரோப்பாவிலும் இதே நிலைதான் இருந்தது. ஜெர்மானிய நாட்டில் இத்தகைய பிரபுவைக் 'கிராஃப்' என்பார்கள். நாம் கோமான் என்று சொல்லலாம். அங்கே ஜெர்மானியப் பேரரசர், இங்கே சோழப் பேரரசர். அங்கே கோமான், இங்கே சிற்றரசர். மொழியும் சமயமும் வேறு என்றாலும் ஆட்சி நடந்த முறையில் பெரிய வேறுபாடு இல்லை.

சோழர் காலத்தில் ஊர்க்காவல் பொறுப்புக்குப் 'பாடிகாவல்' என்று பெயர். களவு போகாமல் ஊரைக் காப்பது கடமை. அதற்காக ஊரார் கொடுக்கும் வரி உரிமை. 12ஆம் நூற்றாண்டில் பெண்ணையாற்றுக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட நடுநாட்டில் இத்தகைய உரிமைகளோடு காடவர் குடும்பம் வளரத் தொடங்கியது. திருவதிகை, விருத்தாசலம் முதலிய ஊர்க் கோயில்களில் உள்ள கல்வெட்டுகளில் இவர்களுடைய பெயர்கள் தொடர்ந்து வருகின்றன. 'ஆளப்பிறந்தான்' என்பது இவர்கள் விரும்பிச் சூடிக்கொண்ட பட்டம். காவல் காக்க அமர்த்தப்பட்ட குடும்பம், ஆளவே பிறந்தோம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது.

குடும்ப வரிசை

சக ஆண்டு 1108, அதாவது கி.பி. 1186ஆம் ஆண்டைச் சேர்ந்த விருத்தாசலக் கல்வெட்டு ஒன்று இக்குடும்பத்தின் தலைமுறைகளைப் பாடல்களால் வரிசைப்படுத்திச் சொல்கிறது. வளந்தனார், ஆட்கொல்லி, ஏழிசை மோகன், அரசநாராயணன், வீரசேகரன் என்று அந்த வரிசை அமைகிறது. பெயர்களைக் கவனியுங்கள். ஆட்கொல்லி என்றால் பகைவரைக் கொல்பவர். ஏழிசை மோகன் என்றால் ஏழு சுரங்களில் மனம் தோய்ந்தவர். வாளும் இசையும் ஒரே வீட்டில் இருந்தன. கச்சிராயர் என்ற பட்டமும் இவர்களிடம் வழங்கியது. கச்சி என்பது காஞ்சிபுரம். பழைய பல்லவ மன்னர்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பதை இந்தப் பட்டத்தால் உணர்த்தினார்கள்.

அக்காலத்துச் சிற்றரசர்கள் தங்களுக்குள் ஓர் உறுதிமொழி ஒப்பந்தம் செய்துகொள்வது உண்டு. 'நிலைமைத்தீட்டு' என்பது அதன் பெயர். உன் பகை என் பகை, என் பகை உன் பகை, நாம் இருவரும் பேரரசருக்கு உண்மையாய் இருப்போம் என்ற போக்கில் அவை அமைந்தன. ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை குறைந்த காலத்தில்தான் இப்படி எழுதிக் கல்லில் வெட்டத் தோன்றும். சோழப் பேரரசு உள்ளுக்குள் தளர்ந்துகொண்டிருந்தது என்பதற்கு இந்த ஒப்பந்தங்களே அடையாளம்.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடும்பத் தலைவராக விளங்கியவர் மணவாளப்பெருமாள். சேந்தமங்கலத்தைக் கோட்டை நகரமாக வலுப்படுத்தியவர் இவர். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள ஊர் அது. இவருடைய மனைவியின் பெயர் சீலாவதி. மகன் கோப்பெருஞ்சிங்கன். தந்தைக்கும் கோப்பெருஞ்சிங்கன் என்ற பெயர் உண்டு என்றும், சோழரைச் சிறைப்பிடித்தவர் தந்தை, பின்னர் நெடுங்காலம் ஆண்டவர் மகன் என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இரண்டும் ஒருவரே என்று முன்பு எழுதியவர்களும் உண்டு. நாம் இங்கே தந்தை, மகன் என்ற முறையையே பின்பற்றுகிறோம்.

சீலாவதியின் பெயர் கிடைத்தது ஒரு பேறு. போர்க்களத்தைப் பாடும் கல்வெட்டுகளில் வீட்டுப் பெண்களுக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. கணவர் பேரரசரோடு மோதும்போதும், எதிரிப் படை கோட்டை வாசலுக்கு வரும்போதும், அந்தத் தாய் பட்ட பாட்டை எந்தக் கல்லும் சொல்லவில்லை.

பேரரசர் சிறையில்

1216இல் மூன்றாம் இராசராசன் சோழ அரியணை ஏறினார். அதே ஆண்டு மதுரையில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் முடிசூடினார். பாண்டியப் படை சோழ நாட்டுக்குள் புகுந்து தஞ்சையையும் உறையூரையும் தீக்கிரையாக்கியது. பின்பு பாண்டியர் முடியைத் திருப்பித் தந்தார். ஆனால் சோழர் இனித் திறை கட்ட வேண்டியவர். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பகை மூண்டது. தோற்ற சோழர் வடக்கு நோக்கிச் சென்றபோது, வந்தவாசிக்கு அருகில் உள்ள தெள்ளாற்றில் கோப்பெருஞ்சிங்கன் அவரை மறித்துத் தோற்கடித்தார். அமைச்சர்களோடு சேர்த்துப் பேரரசரைச் சேந்தமங்கலத்துக்குக் கொண்டுபோய்ச் சிறையிட்டார். வயலூர்க் கல்வெட்டு இதனைப் பெருமையோடு பாடுகிறது.

எந்தக் குடும்பத்துக்கு இந்தச் சோழர் குடும்பம் காவல் உரிமை தந்து வளர்த்ததோ, அந்தக் குடும்பத்தின் காவலில்தான் சோழர் இப்போது இருந்தார். தளர்ந்த வேளையில் கைகொடுக்க வேண்டியவர் கைவிலங்கு பூட்டினார்.

எரிந்த ஊர்கள்

செய்தி மேற்கே துவாரசமுத்திரத்தில் இருந்த போசள மன்னர் இரண்டாம் நரசிம்மரின் காதுக்கு எட்டியது. அவர் சோழருக்கு உறவும் துணையும் ஆனவர். உடனே படையோடு புறப்பட்டார். வழியில் மகத நாட்டை அழித்தார். பாச்சூரில் தங்கிக்கொண்டு, அப்பண்ணர், சமுத்திர கோப்பையர் என்ற இரு தளபதிகளை அனுப்பினார். அதன்பின் நடந்தவை கடலூருக்கு அருகில் உள்ள திருவந்திபுரம் கோயில் கல்வெட்டில் விரிவாகப் பதிவாகியுள்ளன. மூன்றாம் இராசராசனின் ஆட்சியாண்டால் குறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டு கி.பி. 1231ஐ ஒட்டியது.

அந்தக் கல்வெட்டு சொல்வதை நாம் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கோப்பெருஞ்சிங்கனின் படை நாட்டை அழித்தது, கோயில்களும் அழிந்தன என்று குற்றச்சாட்டோடு அது தொடங்குகிறது. அழிவைத் தடுக்க வந்த படை என்ன செய்தது என்பதையும் அதே கல்வெட்டு மறைக்காமல் சொல்கிறது. எள்ளேரி, கள்ளியூர்மூலை, தொழுதகையூர் ஆகிய ஊர்களை அழித்தார்கள். தலைவர்கள் பலரைக் கொன்றார்கள். குதிரைகளைக் கைப்பற்றினார்கள். இடையே சிதம்பரத்துக்குச் சென்று பொன்னம்பலத்தில் வழிபட்டார்கள். பிறகு மீண்டும் புறப்பட்டுத் திருப்பாதிரிப்புலியூரில் தங்கினார்கள். திருவதிகை, திருவக்கரை முதலிய ஊர்களை அழித்தார்கள். கடற்கரை வரை உள்ள ஊர்களைச் சுட்டெரித்தார்கள். பெண்களைச் சிறைபிடித்தார்கள். கொள்ளையிட்டார்கள்.

கடைசியில் சேந்தமங்கலத்தை முற்றுகையிடப் படை வந்தபோது கோப்பெருஞ்சிங்கன் அஞ்சினார். சோழரை விடுவிப்பதாகப் போசள மன்னருக்குச் செய்தி அனுப்பினார். பேரரசர் விடுதலையானார். நரசிம்மர் சோழ அரசை நிலைநிறுத்தியவர் என்ற பட்டத்தைப் பெற்றார். கோப்பெருஞ்சிங்கனுக்கும் உயிர்ச்சேதம் இல்லை, குடும்பத்துக்கும் சேதம் இல்லை, கோட்டையும் நின்றது.

அப்படியானால் இழந்தவர் யார்? திருப்பாதிரிப்புலியூருக்கும் திருவதிகைக்கும் இடையே நெல் நட்டிருந்த உழவர் இழந்தார். மாட்டுக்கொட்டகை எரிந்த வீட்டார் இழந்தனர். சிறைபிடிக்கப்பட்ட பெண்கள் இழந்தனர். பெரியவர்கள் மூவரும் தத்தம் நிலைக்குத் திரும்பினார்கள். இவர்கள் திரும்ப வழி இல்லை. இவர்களுடைய பெயர் ஒன்றுகூடக் கல்லில் இல்லை. 'ஆண்ட பரம்பரை' என்று நாம் பேசும்போது, நம்மில் பெரும்பாலோருடைய உண்மையான முன்னோர் இந்தப் பெயரில்லாதவர்களாகத்தான் இருக்க முடியும் என்பதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

மகனின் ஆட்சி

1243இல் இருந்து மகன் கோப்பெருஞ்சிங்கன் தம் பெயரிலேயே ஆட்சியாண்டைக் கணக்கிட்டுக் கல்வெட்டுப் பொறித்தார். 'சகலபுவனச் சக்கரவர்த்தி' என்ற பட்டத்தையும் சூடினார். சிற்றரசர் என்ற நிலை முடிந்தது. தாமே அரசர்.

இவருடைய வாழ்க்கையில் வேறொரு பக்கமும் உண்டு. 'பரதம் வல்ல பெருமாள்' என்பது இவருடைய பட்டங்களில் ஒன்று. ஆடற்கலையில் தேர்ந்தவர் என்பது அதன் பொருள். சிதம்பரம் கோயில் கோபுரத் திருப்பணியில் இவருக்குப் பெரும்பங்கு உண்டு. எழுநிலைக் கோபுரம் ஒன்று 'சொக்கச்சீயன்' என்ற இவருடைய பட்டத்தால் வழங்கியதையும், அதன் பணிக்காகச் செங்கல்பட்டுப் பக்கத்து ஆத்தூர் ஊரின் வருவாய் ஒதுக்கப்பட்டதையும் கல்வெட்டு சொல்கிறது. ஆடற்கரணச் சிற்பங்கள் நிறைந்த கிழக்குக் கோபுரத்தையும் இவரோடு தொடர்புபடுத்துவர். சீயம் என்றால் சிங்கம். கோதாவரிக் கரைப் பகுதியான திராட்சாராமத்தில் 1262ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இவர் மகாராசசிம்மன் என்று வடமொழியில் குறிக்கப்படுகிறார். நடுநாட்டுத் தலைவரின் பெயர் ஆந்திர நாட்டுக் கோயில் வரை சென்றிருக்கிறது.

ஆனால் தெற்கே 1251இல் முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் ஆட்சிக்கு வந்தபின் காற்று மாறியது. பாண்டியப் படை சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டது. யானைகளும் குதிரைகளும் பெருஞ்செல்வமும் பறிபோயின. அதன்பின் பாண்டியர் அந்த நாட்டைக் கோப்பெருஞ்சிங்கனுக்கே திருப்பிக் கொடுத்தார். முன்பு சோழருக்கு மதுரைப் பாண்டியர் முடியைத் திருப்பித் தந்தது போலவே இப்போது இவருக்கும் நடந்தது. பிறரைத் தாழ்த்தியவர் தாமும் தாழ்ந்து, பிறர் இரக்கத்தால் மீண்டும் நாற்காலியில் அமர்ந்தார்.

கோப்பெருஞ்சிங்கனின் கல்வெட்டுகள் 1279ஐ ஒட்டி நின்றுவிடுகின்றன. சிறைப்பட்ட இராசராசனுக்குப் பின் வந்த மூன்றாம் இராசேந்திரனின் ஆட்சியும் அதே 1279இல் முடிகிறது. அவரே சோழ மரபின் கடைசிப் பேரரசர். சிறையிட்ட குடும்பமும் சிறைப்பட்ட குடும்பமும் ஏறத்தாழ ஒரே வேளையில் அரசியல் அரங்கைவிட்டு மறைந்தன. நிலம் பாண்டியர் கைக்குப் போயிற்று. அடுத்த நூற்றாண்டில் பாண்டியரும் அந்த நிலையில் இல்லை.

அதே 1231இல் இன்னொரு குடும்பம்

திருவந்திபுரம் கல்வெட்டு சொல்லும் 1231ஆம் ஆண்டு, நம் திருச்சபை வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கும் ஆண்டு. அந்த ஆண்டு நவம்பர் 17ஆம் நாள், ஜெர்மனியின் மார்பர்க் நகரில், ஹங்கேரி நாட்டுப் புனித எலிசபெத் தமது 24ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவருடைய கணவர் லுட்விக், துரிங்கியா நாட்டின் கோமான். கோப்பெருஞ்சிங்கனைப் போலவே பேரரசருக்குக் கீழ்ப்பட்டு ஒரு நாட்டை ஆண்டவர்.

1200இல் பிறந்த லுட்விக் 1217இல் பதவி ஏற்றார். ஹங்கேரி மன்னரின் மகளான எலிசபெத், நான்கு வயதுக் குழந்தையாக இருக்கும்போதே அவருடைய வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டு அங்கேயே வளர்ந்தவர். 1221இல் திருமணம் நடந்தது. ஹெர்மன், சோபியா, கெர்த்ரூது என்று மூன்று பிள்ளைகள். 1226இல் நாட்டில் பெரும் பஞ்சம். லுட்விக் அப்போது பேரரசரோடு இத்தாலியில் இருந்தார். எலிசபெத் அரண்மனைக் களஞ்சியத்தைத் திறந்து ஏழைகளுக்குத் தானியம் கொடுத்தார். அதிகாரிகள் முறையிட்டனர். திரும்பி வந்த லுட்விக் மனைவியின் பக்கமே நின்றார். 1227இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட அவர், இத்தாலியின் ஒத்ராந்தோ துறைமுகத்திலேயே நோயால் இறந்தார். கடைசிப் பிள்ளை கெர்த்ரூது பிறந்தது தந்தை இறந்த பிறகு.

லுட்விக்கின் தம்பி ஹைன்ரிக் ராஸ்பே ஆட்சியைக் கைப்பற்றிக்கொண்டார். 1246இல் பேரரசருக்கு எதிரான அரசராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1247இல் பிள்ளையின்றி இறந்தார். லுட்விக்கின் ஒரே மகன் ஹெர்மனும் அதற்குமுன் 1241இலேயே இறந்துவிட்டதால் ஆண்வழி அற்றுப்போனது. நாட்டுக்காக 1264 வரை போர் நடந்தது. கடைசியில் நாடு இரண்டாய்ப் பிரிந்தது. எலிசபெத்தோ கணவர் இறந்தபின் வார்ட்பர்க் கோட்டையை விட்டு வெளியேறி, மார்பர்க்கில் ஏழை நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை அமைத்து, அவர்களுடைய புண்களைத் தம் கையால் கழுவினார். 1235இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். ஹைன்ரிக் ராஸ்பேயின் பெயரை இன்று வரலாற்று மாணவர் சிலரே அறிவர். எலிசபெத்தின் பெயரை நம் பங்குகளில் எத்தனையோ பெண் பிள்ளைகள் தாங்கியிருக்கிறார்கள்.

நம் மண்ணில் மீந்தவை

காடவர் ஆட்சி மறைந்தாலும் கச்சிராயர் என்ற பட்டம் நடுநாட்டில் மறையவில்லை. பிற்காலத்தில் விருத்தாசலம் பக்கத்து முகாசாப்பரூர்ப் பாளையக்காரர்களுக்கும் கச்சிராயர் என்றே பெயர். இந்தப் பெயரைக் கேட்டதும் கோணாங்குப்பம் பெரியநாயகி அன்னை திருத்தலத்துக்குப் போய்வந்த நம் மக்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். வீரமாமுனிவர் (1680–1747) கொண்டுவந்த அன்னையின் திருவுருவம் காட்டில் காணாமற்போனதும், குழந்தையில்லாக் கச்சிராயர் அதைக் கண்டெடுத்து வேண்டிக் குழந்தைப்பேறு பெற்றதும், அதனால் அங்கே ஆலயம் எழுந்ததும் வாழையடி வாழையாகச் சொல்லப்பட்டு வருகின்றன. கத்தோலிக்கர் அல்லாத ஒரு தலைவர் கத்தோலிக்கர் ஆலயம் எழத் துணைநின்றார் என்பது அந்த நினைவின் சாரம். அந்தப் பாளையக்காரர் நடத்திய போர்களைப் பற்றி நம் மக்கள் ஒன்றும் சொல்வதில்லை. ஆலயத்துக்கு உதவியதை மட்டும் இன்றும் சொல்கிறார்கள்.

சிதம்பரம் கோபுரம் நிற்கிறது. சேந்தமங்கலத்தில் கோயில் நிற்கிறது. பேரரசரை அடைத்து வைத்த கோட்டையின் மிடுக்கு இல்லை. மார்பர்க்கில் எலிசபெத்தின் கல்லறை இருந்த இடத்தில் பெரிய ஆலயம் நிற்கிறது. ஆண்டவர்கள் பிறரிடம் பறித்தது எதுவும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காலம் வரைகூடத் தங்கவில்லை. பிறருக்கென்று கொடுத்தது ஏறத்தாழ எட்டு நூற்றாண்டு கழிந்தும் இருக்கிறது.

சிந்தனைக்கு

நம் பங்குத் திருவிழாக்களில் தேர் முதலில் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும், முதல் மரியாதை யாருக்கு, கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த இடம் என்று பிணக்குகள் எழுவதை நாம் அறிவோம். அந்தப் பிணக்குகளின் அடியில் பெரும்பாலும் ஒரு பரம்பரைப் பெருமை இருக்கும். எங்கள் பாட்டன் காலத்தில் இருந்தே இது எங்கள் உரிமை என்ற பேச்சு இருக்கும். ஆளவே பிறந்தோம் என்று பட்டம் சூடிய குடும்பத்துக்கும் பாண்டியரின் தயவில் ஆள வேண்டிய நாள் வந்தது. பட்டம் அவர்களைக் காக்கவில்லை.

நம் பிள்ளைகளுக்கு முன்னோரைப் பற்றிச் சொல்ல வேண்டும், கட்டாயம் சொல்ல வேண்டும். கோப்பெருஞ்சிங்கனின் வீரத்தையும் கலையார்வத்தையும் சொல்வோம். அத்தோடு திருவதிகையில் எரிந்த வீடுகளையும் சேர்த்துச் சொல்வோம். களஞ்சியத்தைத் திறந்த ஒரு பெண்ணையும், அவர் பக்கம் நின்ற கணவரையும் சொல்வோம். அடுத்த முறை விருத்தாசலத்துக்கோ திருவந்திபுரத்துக்கோ போகும்போது, அந்தக் கல்லில் பெயர் பொறிக்கப்படாத மக்களுக்காக ஒரு நொடி அமைதியாய் மன்றாடுவோம். அவர்களும் நம் முன்னோரே.